பெயரை மாற்றும் முன் எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள்: திருநர் ஆவணத் திருத்தத்தில் நாங்கள் கற்றவை

ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்றக் கிளம்பும் திருநர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கலெக்டர் சர்டிபிகேட் எப்படி வாங்குறது?" என்றுதான். பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தும், கூடவே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் பார்த்த அளவில், மாவட்ட ஆட்சியர் தரும் அந்தத் திருநர் அடையாளச் சான்றிதழை வாங்குவது மொத்த வேலையில் பாதிகூட இல்லை. அது கைக்கு வந்த பிறகு ஆதாரில் ஒன்று, பானில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று மூன்று ஆளாகிப் போனவர்கள்தான் அதிகம். அவர்களை மாட்டவைப்பது பெரும்பாலும் இரண்டு விஷயம்: பெயரின் எழுத்துக்கூட்டல், எதை முதலில் மாற்றுவது என்ற வரிசை.

எழுத்துக்கூட்டலிலிருந்தே தொடங்குவோம். ஒருவர் காவ்யா என்று பெயர் வைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். நோட்டரி ஆபீசில் ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' போட்டு அடிப்பார்கள். இ-சேவை மையத்தில் இரண்டு 'ஏ' போடுவார்கள். தமிழில் ஒருவர் காவ்யா என்பார், இன்னொருவர் காவியா என்பார். பேசும்போது எல்லாம் ஒரே பெயர்தான். கம்ப்யூட்டருக்கு அது நாலு பேர். அதனால் ஒரு வெள்ளைத்தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர், அதற்குக் கீழே தமிழில் பெயர், பக்கத்தில் இனிஷியல், அதன் விரிவு என்று எழுதிப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கவுண்டரிலும் பெயரை வாயால் சொல்லாதீர்கள், அந்தப் படத்தைக் காட்டுங்கள். நியூமராலஜி பார்ப்பவர்கள் இப்போதே பார்த்துவிடுங்கள். பாதி ஆவணம் மாறிய பிறகு ஜோசியர் ஒரு எழுத்து கூட்டச் சொன்னால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான்.

இனிஷியல் நம்மூருக்கே உரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் 'எம். காவ்யா', பான் அட்டையில் இனிஷியல் ஏற்காததால் அப்பா பெயரை விரித்து 'காவ்யா முருகன்', ஆதாரில் 'காவ்யா எம்' என்று சிதறிக் கிடக்கும். பெயர் மாற்றும் இந்த ஒரு தருணத்தில் இதையும் நேர்செய்துகொள்ளலாம். விரித்து எழுதுவதென்றால் எல்லா இடத்திலும் விரித்தே எழுதுங்கள். சிலர் அப்பா பெயரை விட்டுவிட்டு, தன்னை மகளாக ஏற்ற குருவின் பெயரை இனிஷியலாக வைக்க ஆசைப்படுவார்கள். அந்த ஆசையின் நியாயம் புரிகிறது. ஆனால் 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆட்சியர் சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிலும் மற்ற அடையாள ஆவணங்களிலும் தன் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்றுதான் சொல்கிறது. தகப்பன் பெயர் அதில் வராது. முதல் சுற்றில் இனிஷியலைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டையும் ஒன்றாக மாற்றப் போனவர்களின் கோப்பு, 'இவர் அவர்தானா' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது.

எதையும் மாற்றும் முன் பழைய பெயரில் இருக்கும் அத்தனையையும் சேமித்துவையுங்கள். இ-ஆதாரைத் தரவிறக்கி வையுங்கள். பான் இருபக்கமும், டி.சி., பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்துவிடுங்கள். ஆதார் மாறிய மறுநாள் பழைய பெயரில் படத்துடன் கூடிய அடையாளம் கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு அலுவலகமும் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நடுவே ஒரு பாலத்தைக் கேட்கும்.

இனி சான்றிதழ். உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று, பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றும் சொன்னது. 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்தது, விதிகள் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தன. அந்த விதிகளின்படி படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 உறுதிமொழிப் பத்திரம், அதாவது நாம் அஃபிடவிட் என்பது. இவற்றை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்தால் 30 நாளில் படிவம் 3-இல் அடையாளச் சான்றும் கூடவே அடையாள அட்டையும் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ கிடையாது என்று 2020-இல் வந்த அந்த விதிகளில் எழுதியிருந்தது. விண்ணப்பம் 2020 நவம்பரில் தொடங்கிய தேசிய இணையதளம் வழியாகப் போகிறது. சட்டமும் விதிகளும் படிவங்களும் திருத்தப்படுபவை, ஆகவே நண்பர் வைத்திருக்கும் பழைய படிவத்தை நகலெடுக்காமல், விண்ணப்பிக்கும் நாளன்று தளத்தில் இருப்பதையே எடுங்கள்.

தளத்தில் பதியும்போது உங்களுடைய சொந்த கைபேசி எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். அவசரத்துக்கு ஜமாத்தில் (திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழுவில்) கூட இருப்பவர் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் ஊர் மாறிப் போனதும் ஓடிபி இல்லாமல் சான்றிதழைத் தரவிறக்க முடியாமல் நின்றவர்கள் உண்டு.

அடுத்தது முகவரி. விண்ணப்பம் போக வேண்டியது, நீங்கள் தொடர்ந்து 12 மாதம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்கு. ஆதாரில் விழுப்புரம் மாவட்ட முகவரி, ஆள் இருப்பது சென்னையில் என்றால் கோப்பு இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் நிற்கும். வாடகை ஒப்பந்தமோ எரிவாயு இணைப்போ காட்டி, ஆதாரில் முகவரியை மட்டும் முதலில் மாற்றிக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது எளிது. இதில் பாதுகாப்பு விஷயமும் ஒன்று இருக்கிறது. சில இடங்களில் முகவரியைச் சரிபார்க்க ஆள் வருவார்கள். வீட்டுக்கு இன்னும் சொல்லாதவர், பெற்றோர் வீட்டு முகவரியைக் கொடுத்தால், சொல்ல வேண்டியதை அவருக்கு முன் யாரோ ஒருவர் வாசலில் நின்று சொல்லிவிடுவார்.

அஃபிடவிட்டில் பெரும்பாலும் நடக்கும் தவறு, நோட்டரி ஆபீசில் ஏற்கெனவே இருக்கும் பெயர் மாற்ற மாதிரியை எடுத்து அடித்துவிடுவது. படிவம் 2-இல் இருக்கும் வாசகமே வேண்டும்: பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு நான் உணரும் பாலினம் பொருந்தவில்லை, நான் திருநர் என்று அறிவிக்கிறேன், சான்றிதழுக்காக இதைக் கொடுக்கிறேன் என்ற பொருளில் அது இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். முத்திரைத்தாளின் தேதி கையெழுத்துத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. நோட்டரியின் முத்திரையில் பதிவு எண் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்யும்போது பாதி முத்திரை வெட்டுப்பட்டுப் போய்த் திரும்பிவந்த விண்ணப்பங்கள் நிறைய.

சான்றிதழ் வந்ததும் சந்தோஷத்தில் ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதில் பிறப்புப் பெயரும் இருக்கும். அது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோல அச்சு அசலாக இருக்கிறதா? இல்லையென்றால் பின்னால் பள்ளி அலுவலகத்தில் இந்தச் சான்றிதழே வேறு ஆளுடையது ஆகிவிடும். திருத்தத்தை அப்போதே கேளுங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது' என்பதும் 'நிராகரிக்கப்பட்டது' என்பதும் வேறு வேறு. முன்னதற்கு ஆவணத்தை மறுபடி ஏற்றினால் போதும், பதறி இரண்டாவது விண்ணப்பம் போட்டால் இரண்டும் குழம்பும். சட்டம் வருவதற்கு முன்பே ஆவணங்களில் பாலினத்தை முறையாக மாற்றிவிட்டவர்கள் இந்தச் சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பிக்கத் தேவையில்லை என்றும் 2020 விதிகள் சொல்கின்றன.

படிவம் 3-இல் பாலினம் 'திருநர்' என்றுதான் இருக்கும். ஆண் என்றோ பெண் என்றோ வேண்டுமென்றால் 7-ஆம் பிரிவின்படி படிவம் 4. அதற்குச் சிகிச்சை செய்த மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளரோ தலைமை மருத்துவ அலுவலரோ தந்த சான்று வேண்டும், ஆட்சியர் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சட்டத்தில் அறுவை சிகிச்சை என்று இருந்தாலும், 2020 விதிகள் 'மருத்துவத் தலையீடு' என்பதில் ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்தே விளக்கின. குறிப்பாகத் திருநம்பிகள் இந்த வரியைக் கையில் வைத்திருங்கள். எல்லா அலுவலரும் அதைப் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே திரும்பிவரும் விண்ணப்பங்களில் பாதி, அறுவை சிகிச்சை நிபுணர் மட்டும் கையெழுத்திட்ட டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்தவை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கண்காணிப்பாளர் கையெழுத்தோடு தனிச் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் பதிவேட்டைத் தேடவே ஒரு வாரம் ஆகும். மருத்துவமனைக்குப் போகாமல், தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் நிர்வாணம் (ஆணுறுப்பு நீக்கம்) செய்துகொண்ட மூத்தவர்களிடம் காகிதமே இருக்காது. அவர்களுக்குப் படிவம் 3-தான் உறுதியான வழி.

இதனால்தான் வரிசை முக்கியமாகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 தடவை மாற்றலாம், பிறந்த தேதி 1 தடவை, பாலினமும் 1 தடவைதான். படிவம் 3 வந்த வேகத்தில் ஆதாரில் 'திருநர்' என்று மாற்றிவிட்டு, அடுத்த வருடம் படிவம் 4-உடன் 'பெண்' என்று மாற்றப் போனால், வரம்பு முடிந்துவிட்டது என்று மையத்தில் திரை காட்டும். அதற்குப் பிறகு ஆதார் உதவி எண் 1947-ஐ அழைத்து, ஆதார் மண்டல அலுவலகத்துக்கு எழுதி, விதிவிலக்காகத் தீர்க்க வேண்டும். ஓராண்டுக்குள் படிவம் 4 எடுக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், இப்போதைக்கு ஆதாரில் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டு பாலினத்தை விட்டுவைக்கலாம். உதவித்தொகைக்கோ இடஒதுக்கீட்டுக்கோ இப்போதே திருநர் என்ற பதிவு தேவைப்பட்டால் கணக்கு வேறு. அதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

ஆதார் மையத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆபரேட்டர் ஆங்கிலத்தில் பெயரை அடிப்பார், தமிழ் வடிவம் தானாகவே கீழே வரும். அது பெரும்பாலும் தப்பாக வரும், காவ்யா 'கவ்யா' ஆகிவிடும். உங்கள் பக்கம் திருப்பி வைத்த திரையில் அந்தத் தமிழ் வரியைப் பாருங்கள். திரை இல்லையென்றால் விரல் வைப்பதற்கு முன் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். அடுத்து முகவரியின் முதல் வரி. அங்கே 'சன் ஆஃப்' என்று பழையது அப்படியே இருக்கும். பெயரும் பாலினமும் மாறி, புதுப் படமும் வந்து, முகவரி மட்டும் 'இன்னாரின் மகன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் அட்டையை எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். அதை 'கேர் ஆஃப்' என்று மாற்றச் சொல்லி அதே தடவையில் முடித்துவிடுங்கள். பெயர், பாலினம், முகவரி ஆகியவற்றை ஒரே அமர்வில் மாற்றினால் ஒரே கட்டணம், 2025 அக்டோபரிலிருந்து அது 75 ரூபாய். ஒப்புகைச் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.

அடுத்து பான். அதில் திருநர் என்ற தனிக் கட்டம் 2018 ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை ஆதாரில் ஒன்றும் பானில் ஒன்றும் இருந்து இரண்டையும் இணைக்கவே முடியாமல் தவித்தார்கள். ஆட்சியர் தரும் சான்றிதழ் பான் விண்ணப்பத்துக்குச் செல்லும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. திருத்தப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எதை மாற்ற வேண்டுமோ அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். புதிய பெயரை எழுதிவிட்டு டிக் போட மறந்தால் பழைய பெயரிலேயே புது அட்டை வரும். பாலின வரியில் டிக் போட மறப்பவர்கள்தான் அதிகம். 'திருத்தம் எதற்கு, புதுசாவே போட்டுடலாம்' என்று இ-சேவைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஒருவருக்கு இரண்டு பான் இருந்தால் 10,000 ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. ஆதார் மாறிய அதே மாதத்தில் பானையும் முடித்துவிடுங்கள்.

வங்கிப் படிவங்களில் மூன்றாம் பாலினம் என்ற கட்டம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015-லேயே சொல்லிவிட்டது. கிளையில் பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு மாதிரிக் கையெழுத்தையும் மாற்றச் சொல்லுங்கள். கையெழுத்தில் பழைய பெயர் இருக்கும்வரை காசோலை ஒவ்வொன்றும் அதைத்தான் கேட்கும். வேலையில் இருப்பவர்கள் பி.எஃப். கணக்கின் பெயரும் பாலினமும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்தக் கேளுங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று, மற்றவர்களின் காகிதங்களில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது. அம்மாவின் வைப்புத்தொகையில் நாமினி, அப்பாவின் காப்பீட்டில் நாமினி, உயிலில், வாரிசுச் சான்றிதழில் எல்லாம் பழைய பெயர்தான். வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே நாமினிப் பெயரை மாற்றச் சொல்லிவிடுங்கள். பேச்சு இல்லையென்றால் படிவம் 3-உம், பெயர் மாற்றம் வெளியான கெஜட் (அரசிதழ்) நகலும்தான் உங்கள் பங்கைக் காக்கும்.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. 'மற்றவர்' என்ற பிரிவைத் தேர்தல் ஆணையம் 2009-லேயே கொண்டுவந்துவிட்டதால் இங்கே பெரிய தகராறு வருவதில்லை. ரேஷன் அட்டையில் வரும். தனி அட்டை வாங்க, வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இணையத்தில் நீக்கப் போனால் ஓடிபி குடும்பத் தலைவரின் போனுக்குப் போகும். வீட்டைவிட்டு வந்தவருக்கு அது நடக்கிற காரியமா? வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனு கொடுத்து, ஆட்சியர் சான்றிதழைக் காட்டி நீக்கக் கேளுங்கள். இழுத்தடித்தால் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் நீளமானது பள்ளி, கல்லூரிச் சான்றிதழ். இதை வரிசையில் கடைசியாக வைக்காதீர்கள், ஆட்சியர் சான்றிதழ் வந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். மாநில அரசிதழில், அதாவது கெஜட்டில், பெயர் மாற்றம் வெளியிடுவதை எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை செய்கிறது. சட்டப்படி படிவம் 3 மட்டுமே போதுமானது என்றாலும் பள்ளி, பல்கலைக்கழக அலுவலகங்கள் பழக்கத்தில் கெஜட்டைத்தான் கேட்கின்றன. வாதாடி ஜெயிப்பதைவிட வாங்கி வைத்துக்கொள்வது சீக்கிரம் முடியும். பிறகு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு மனு. பத்து, பன்னிரண்டு இரண்டும் மாறாமல் பல்கலைக்கழகம் பட்டத்தைத் தொடாது. "ரிஜிஸ்டரில் கை வைக்க முடியாதும்மா" என்று பள்ளியில் சொல்வார்கள். அதை வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு வராதீர்கள். சட்டத்தின் 6-ஆம் பிரிவையும், மனு கொடுத்த 15 நாளில் ஆவணத்தை மாற்றித்தர வேண்டும் என்ற விதியையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். திருத்திய ஆவணத்தில் பழைய வரிசை எண்ணே தொடர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. பதிவெண் மாறி வந்தால் வேலைக்குப் போகுமிடத்தில் சரிபார்ப்பு நிற்கும்.

இந்தப் பெயர்ப் பொருத்தம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பிரித்திகா யாஷினியின் வழக்கு போதும். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கான அவருடைய விண்ணப்பம் சான்றிதழ்களில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று தள்ளப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2015-இல் ஜெயித்துத்தான் அவர் அந்த வேலையில் சேர முடிந்தது. பிறப்புச் சான்றிதழிலும் இதே இழுபறிதான். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில், பழைய விவரமும் புதிய விவரமும் இரண்டும் இருக்கும்படி திருத்திய சான்றிதழ் தரச் சொன்னது. அரைத் தீர்வு என்று தோன்றினாலும், பாலம் அந்தச் சான்றிதழுக்குள்ளேயே இருப்பது ஒரு வசதி. நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேளுங்கள், அழைக்க வேண்டிய எண் 15100.

பாஸ்போர்ட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான், வாக்காளர் அட்டை மூன்றும் ஒரே எழுத்தில் பேச ஆரம்பித்த பிறகு போனால் ஒரே நாளில் கவுண்டரைத் தாண்டலாம். போலீஸ் விசாரணைக்கு வருபவர் அக்கம்பக்கத்தில் எந்தப் பெயரைக் கேட்பார் என்று யோசித்து, வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் புதிய பெயரை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து முத்திரையோடு திருப்பித் தருவார்கள்.

அதைக் கிழித்துப் போடாதீர்கள். பழைய பெயர் இருக்கும் எதைப் பார்த்தாலும் எரித்துவிடத் தோன்றும், எரித்தும் இருக்கிறார்கள். பத்து வருடம் கழித்து பி.எஃப். பணத்துக்கோ அப்பாவின் நிலத்துக்கோ அந்தக் காகிதம்தான் தேவைப்படும். கண்ணில் படவே வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே ஒன்றும் எழுதாமல், நம்பிக்கையான ஒருவர் வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள்.